வெனிஸ் வணிகன்: நீதிமன்றக் காட்சியின் உச்சம் எந்த வரியில்?

ஒத்திகைக்காரன்

வணக்கம். நாங்கள் பத்துப் பேர், வார இறுதிகளில் கூடி நாடகம் போடுகிறவர்கள். இந்த முறை ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலிருந்து நான்காம் அங்கத்து நீதிமன்றக் காட்சியை மட்டும் எடுத்திருக்கிறோம். தமிழில், நாங்களே பெயர்த்தது. கதை தெரியாதவர்களுக்கு: நண்பன் பசானியோவுக்காக வணிகன் அந்தோனியோ, யூத வட்டிக்காரன் ஷைலாக்கிடம் மூவாயிரம் டுகாட் பொற்காசு கடன் வாங்குகிறான், நாள் தவறினால் தன் உடம்பிலிருந்து ஒரு ராத்தல் (ஒரு பவுண்டு) சதை என்று பத்திரம் எழுதிக் கொடுத்து. நாள் தவறுகிறது, வழக்கு ஊரை ஆளும் டியூக் முன்னால் வருகிறது, பசானியோவின் மனைவி போர்ஷியா ஆண் வேடத்தில் தீர்ப்புச் சொல்ல வருகிறாள். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறோம், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

"கொஞ்சம் பொறு, இன்னும் ஒன்று இருக்கிறது" என்று போர்ஷியா சொல்வாளே, சதை உனக்குத்தான், ஆனால் இந்தப் பத்திரம் ஒரு சொட்டு இரத்தமும் உனக்குத் தரவில்லை என்று. அதுதான் உச்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாக்களில் கைதட்டல் அந்த வரிக்குத்தான் விழும். எங்கள் ஆட்களும் அப்படியே நடித்தார்கள். ஆனால் அந்த வரியிலிருந்து ஷைலாக் வெளியே போவது வரை இன்னும் ஏறக்குறைய நூறு வரி இருக்கிறது. உச்சம் அங்கேயே முடிந்துவிட்டது என்றால் இந்த நூறு வரி எதற்கு? நடிகர்கள் அதை வேகவேகமாகச் சொல்லி முடிக்கப் பார்க்கிறார்கள், பார்க்கிறவனுக்கும் கதை முடிந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

உண்மையான உச்சம் கடைசியில் ஷைலாக் சொல்லும் "எனக்குச் சம்மதம்" என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டே சொல். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. படித்தவர்கள், பார்த்தவர்கள், நடித்தவர்கள் சொல்லுங்கள்.

ஆங்கில டீச்சர்

ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இந்த நாடகம் பல ஆண்டுகள் இருந்தது, நானும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இரத்தம் பற்றிய திருப்பம் எந்த மாணவருக்கும் புதிதாக இருந்ததில்லை. படிக்கும் முன்பே வீட்டில் யாராவது சொல்லிவிட்டிருப்பார்கள். ஆனாலும் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். முடிவு தெரிந்தும் ஏன் அப்படி என்று எனக்கே ரொம்ப நாள் பிடிபடவில்லை.

காரணம் அந்த வரிக்கு முன்னால் இருக்கிறது. போர்ஷியா வருவதற்குள் காட்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதுவரை டியூக் கெஞ்சுகிறார், பசானியோ மூவாயிரம் டுகாட்டுக்கு ஆறாயிரம் தருகிறேன் என்கிறான், ஷைலாக் செருப்பின் அடித்தோலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். போர்ஷியா வந்ததும் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிடுகிறாள். கருணை காட்டு என்கிறாள். மூன்று மடங்கு பணம் இருக்கிறது, வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கிழிக்கச் சொல் என்கிறாள். எதற்கும் அவன் மசியவில்லை. நெஞ்சைத் திற என்று அந்தோனியோவிடம் சொன்ன பிறகு, தராசு இருக்கிறதா என்று கேட்கிறாள். தயாராக வைத்திருக்கிறேன் என்கிறான். சரி, இவன் இரத்தம் சிந்திச் சாகாமல் இருக்க உன் செலவில் ஒரு வைத்தியரை நிறுத்து என்கிறாள். அப்போது அவன் கேட்கிறான்: "அப்படிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?"

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். பத்திரத்தில் இல்லாதது எதுவும் செல்லாது என்று அவனே சபையில் வைத்து உறுதி செய்துவிட்டான். இரத்தம் என்ற சொல்லையும் அவள் அப்போதே வெளியில் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை அவன் பக்கம் திருப்புகிறாள், அவ்வளவுதான். திருப்பம் எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை, அவன் வாயிலிருந்தே பிறக்கிறது. அதனால் உங்கள் நடிகர்கள் அந்த வைத்தியர் வரியை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் காட்சி அங்கேதான் திரும்புகிறது.

கறுப்பு அங்கி

நான் வழக்கறிஞர். சட்டக் கண்ணால் பார்த்தால் இந்த விசாரணையில் எதுவுமே சரியில்லை. தீர்ப்புச் சொல்ல வந்தவள் பிரதிவாதிக்குப் பணம் கட்டத் தயாராக நிற்பவனின் மனைவி, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆண் வேடத்தில், டியூக் வரச் சொல்லியிருந்த சட்ட அறிஞர் பெல்லாரியோ கொடுத்த கடிதத்தோடு வந்திருக்கிறாள். உயிரைப் பணயம் வைக்கும் ஒப்பந்தம் ஆரம்பத்திலேயே செல்லாது என்று ஒரே வரியில் தள்ளியிருக்கலாம். 1872இல் ருடால்ஃப் ஃபான் யேரிங் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் இதைத்தான் கடுமையாகச் சொன்னார்: பத்திரம் செல்லும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, இரத்தம் இல்லாமல் சதை எடு என்பது வெறும் சொற்புரட்டு, அந்த மனிதன் கேட்டது தன் உரிமையை, அதில் அவன் ஏமாற்றப்பட்டான் என்று.

ஆனால் நாடகமாகப் பார்க்கும்போது அந்த ஒரு வரித் தள்ளுபடி ஏன் முடியாது என்பதை ஷேக்ஸ்பியர் முன்பே கட்டி வைத்திருக்கிறார். மூன்றாம் அங்கத்தில் அந்தோனியோவே சொல்கிறான்: டியூக்கால் சட்டத்தை மறுக்க முடியாது, இந்த ஊரின் வியாபாரம் வெளிநாட்டார் கையில் இருக்கிறது, அவர்களுக்குச் சட்டம் இல்லை என்றால் வெனிஸின் பெயர் கெட்டுவிடும் என்று. பசானியோ, ஒரு பெரிய நன்மைக்காகச் சின்னத் தப்பு செய்யுங்கள், ஒரே ஒரு முறை சட்டத்தை வளையுங்கள் என்று மன்றாடும்போது போர்ஷியா மறுக்கிறாள். முன்னுதாரணமாகப் பதிவாகிவிடும் என்கிறாள். அந்த இடத்தில் ஷைலாக்குக்கு எவ்வளவு சந்தோஷம் பாருங்கள், பைபிளில் வரும் நியாயவான் தானியேலே தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டான் என்கிறான். அந்த நொடியில் அவளை முழுக்க நம்புகிற ஒரே ஆள் அவன்தான்.

அப்புறம் வருகிறது இன்னொரு சட்டம். வெளியாள் ஒருவன் வெனிஸ் குடிமகன் உயிருக்குக் குறி வைத்தால் சொத்தில் பாதி அந்தக் குடிமகனுக்கு, பாதி அரசுக்கு, உயிர் டியூக் கையில். வெளியாட்களுக்கும் சமமான சட்டம் என்று பெருமை பேசிய ஊரின் அலமாரியில், வெளியாளுக்கென்றே தனியாக ஒரு சட்டம் இத்தனை நேரம் இருந்திருக்கிறது. எனக்கு உச்சம் அதுதான். வாதியாக வந்தவன் குற்றவாளிக் கூண்டுக்குப் போவது அந்த இடத்தில்தான், இரத்த வரியில் இல்லை.

முன்வரிசை

நான் கொஞ்சம் கசப்பான கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் காட்சியை இன்று எதற்கு மேடையேற்ற வேண்டும்? நாடகம் 1596, 97 வாக்கில் எழுதப்பட்டது. இங்கிலாந்திலிருந்து யூதர்களை 1290இலேயே துரத்தியாகிவிட்டது, 1656 வரை திரும்ப விடவில்லை. அதாவது அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெரும்பாலோர் வெளிப்படையாக வாழ்ந்த ஒரு யூதரைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த யூதன் இவன். கத்தி தீட்டுகிறான், சதை கேட்கிறான். 1943இல் வியன்னாவின் புர்க் தியேட்டரில் நாஜிகள் இதே நாடகத்தைப் போட்டார்கள், வெர்னர் க்ரௌஸ் ஷைலாக்காக நடித்தார். அந்த ஊர் யூதர்களில் பெரும்பாலோர் விரட்டப்பட்டோ முகாம்களுக்கு அனுப்பப்பட்டோ இருந்த நேரம் அது. உச்சம் எந்த வரி என்று ரசிப்பதற்கு முன்னால், பசானியோவின் நண்பன் கிராஷியானோ ஷைலாக்கைக் கிண்டல் செய்யும்போது உங்கள் பார்வையாளர் சிரித்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா?

ஒத்திகைக்காரன்

முன்வரிசை அவர்களே, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை முதல் வாரமே பேசினோம், ஒருவர் அதற்காகவே குழுவை விட்டுப் போகப் பார்த்தார்.

நாங்கள் ஒரு பேச்சை வெட்டவே இல்லை. பெரும்பாலும் நேரம் போதாது என்று வெட்டிவிடுகிற பேச்சு அது. கருணை காட்டாவிட்டால் உனக்குக் கருணை எப்படிக் கிடைக்கும் என்று டியூக் கேட்கிறார். ஷைலாக் சொல்கிறான்: நான் தப்பே செய்யாதபோது எந்தத் தீர்ப்புக்குப் பயப்பட வேண்டும்? உங்களில் பலரிடம் விலைக்கு வாங்கிய அடிமைகள் இருக்கிறார்கள். கழுதை, நாய் மாதிரி வேலை வாங்குகிறீர்கள். அவர்களை விட்டுவிடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுங்கள் என்று நான் சொன்னால், அவர்கள் எங்களுடையவர்கள் என்பீர்கள். இந்த ஒரு ராத்தல் சதையும் அப்படித்தான், நான் விலை கொடுத்து வாங்கியது. இதற்கு டியூக்கிடம் பதில் இல்லை. பாதுவாவிலிருந்து பெல்லாரியோ வராவிட்டால் சபையைக் கலைத்துவிடுவேன் என்று பேச்சை மாற்றுகிறார். சபையில் ஒரு ஆளும் பதில் சொல்லவில்லை என்பதை நாங்கள் மேடையில் காட்டுகிறோம், எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள்.

சிரிப்பைப் பற்றி: ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே 1838இல் எழுதியிருக்கிறார், லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இந்த அங்கம் முடியும்போது அவருக்குப் பின்னால் இருந்த ஓர் ஆங்கிலேயப் பெண் அழுதுகொண்டே "அந்த ஏழை மனிதனுக்கு அநியாயம் நடக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அதே வரிகள்தான். 1814இல் எட்மண்ட் கீன் என்ற நடிகர் வழக்கமான சிவப்பு விக்கை விட்டுக் கறுப்பு விக்கோடு வந்தபோதே ஷைலாக் கேலிப்பொருளிலிருந்து மனிதனாக மாற ஆரம்பித்துவிட்டான். வரி ஒன்றுதான், நடிக்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதில் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் கடைசி நூறு வரியை ஓட்டவே கூடாது என்கிறேன்.

கிழக்குக்கரை

மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் ராத்தல் என்று போட்டதுக்கு நன்றி அண்ணா. இங்கே இன்னும் ஒரு ராத்தல் பாண் (ரொட்டி) என்றுதான் கேட்டு வாங்குகிறோம். ஒரு ராத்தல் எவ்வளவு என்று கைக்குத் தெரியும். அந்த அளவைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஷைலாக் கேட்பது எத்தனை பெரிய துண்டு என்று வயிற்றைப் பிசையும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். "எனக்குச் சம்மதம்" என்ற வரிக்கு மூலத்தில் உள்ள சொல் ஏற்கெனவே வந்திருக்கிறது, பார்த்தீர்களா? முதல் அங்கத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒத்துக்கொள்ளும்போது அந்தோனியோ அதே சொல்லைத்தான் சொல்கிறான், சிரித்த முகத்தோடு, சம்மதம் என்று. பிறகு நீதிமன்றத்தில், ஷைலாக் வாய் திறப்பதற்குச் சில வரிகள் முன்னால், அவனுடைய சொத்தைப் பங்கு போடும்போது அந்தோனியோ திரும்பவும் எனக்குச் சம்மதம் என்கிறான். உடனே போர்ஷியா ஷைலாக்கைப் பார்த்து, உனக்குச் சம்மதமா என்று கேட்கிறாள். அவன் அதையே திருப்பிச் சொல்கிறான். அவனுடைய சொந்தச் சொல்லே இல்லை அது, மற்றவர்கள் வாயில் இருந்ததை எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டார்கள். நீங்கள் ஓரிடத்தில் "சம்மதம்", இன்னோரிடத்தில் "சரி", மற்றோரிடத்தில் "ஒத்துக்கொள்கிறேன்" என்று மாற்றிப் போட்டிருந்தால் தயவுசெய்து ஒரே சொல்லாக்குங்கள்.

இன்னொன்று. அந்தோனியோ சாகப் போகிறான் என்றவுடன் பசானியோ, என் மனைவியைக் கொடுத்தாவது உன்னைக் காப்பாற்றுவேன் என்கிறான், கிராஷியானோவும் அப்படியே. இரண்டு மனைவிமாரும் வேடத்தில் பக்கத்திலேயே நிற்கிறார்கள், சபை சிரிக்கும். ஆனால் அந்த நேரம் ஷைலாக் ஒரு வரி கதைக்கிறான்: "இவர்கள்தான் கிறிஸ்தவக் கணவன்மார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்." மூன்றாம் அங்கத்தில், வீட்டை விட்டு ஓடிப்போன அந்த மகள் ஜெசிக்கா, இவனுடைய மோதிரம் ஒன்றைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கினாள் என்று கேள்விப்பட்டபோது இவன் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு முன்னம் என் மனைவி லேயா எனக்குத் தந்தது, காடு நிறையக் குரங்கு தந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று. வழக்கு முடிந்து கொஞ்ச நேரத்திலேயே பசானியோ, கழற்றவே மாட்டேன் என்று சொல்லி மனைவியிடம் வாங்கிய மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். கொடுத்த சொல்லைக் காப்பாற்றாதவர்கள் எல்லோரும் சேர்ந்து, கொடுத்த சொல்லைக் கேட்டவனைத் தண்டிக்கிறார்கள். மோதிரப் பகுதியை வெட்ட வேண்டாம் அண்ணா.

கறுப்பு அங்கி

சம்மதம் விஷயம் அபாரம். நான் பலமுறை படித்தும் கவனிக்கவில்லை.

ஆனால் நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன். அன்றைய பார்வையாளருக்கு அந்தோனியோ செய்தது உண்மையிலேயே கருணையாகப் பட்டிருக்கும். உயிர் போகவில்லை, சொத்தில் பாதி அவனிடமே நிற்கிறது, அந்தோனியோவின் நிபந்தனைப்படி கிறிஸ்தவனாக மதம் மாறினால் ஆன்மாவுக்கும் கதி உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். நாம் கொடுமையாகப் பார்க்கும் நிபந்தனை அவர்களுக்கு வரமாகத் தெரிந்திருக்கலாம்.

ஆங்கில டீச்சர்

அது பாதி உண்மைதான் சார். கதை எடுத்த இடத்தைப் பாருங்கள். 1558இல் அச்சான 'இல் பெகோரோனே' என்ற இத்தாலியக் கதைத் தொகுப்பில் இதே வழக்கு, இதே வேடமிட்ட பெண், இதே இரத்தம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே கடன் கொடுத்தவன் ஒன்றும் கிடைக்காத கோபத்தில் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறான். வழக்கு அதோடு முடிகிறது. மதமாற்றம் அதில் கிடையாது. அது ஷேக்ஸ்பியர் சேர்த்தது. அந்தக் கால நம்பிக்கையை மட்டும் காட்ட நினைத்திருந்தால், அடுத்து அவனை எழுந்து நின்று நன்றி சொல்ல வைத்திருக்கலாமே? "உடம்பு சரியில்லை, என்னைப் போக விடுங்கள், பத்திரத்தைப் பின்னால் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஏன் சொல்ல வைத்தார்? இத்தனை நேரம் பத்திரம் பத்திரம் என்று கத்தியவன் கடைசியில் இன்னொரு பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சம்மதிக்கிறான்.

ஒத்திகைக்காரன், உங்கள் நூறு வரி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். நேற்று இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். திருப்பத்துக்குப் பிறகு ஷைலாக் கேட்பது படிப்படியாகக் குறைகிறது. முதலில் மூன்று மடங்கு கொடுங்கள், போகிறேன் என்கிறான். அப்புறம் அசலைக் கொடுங்கள். அப்புறம் வெறும் அசலாவது கிடையாதா? அப்புறம் எதுவும் வேண்டாம், போகிறேன். அந்த நேரம்தான் போர்ஷியா இரண்டாவது முறை "பொறு" என்கிறாள். முதல் "பொறு" கத்தியை நிறுத்தியது, ஓர் உயிரைக் காப்பாற்றியது. இரண்டாவது, ஏற்கெனவே தோற்று வாசல் பக்கம் திரும்பிவிட்டவனை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் பாதியில் போர்ஷியா அவனை யூதன் என்றும் கூப்பிடுகிறாள், பெயர் சொல்லியும் கூப்பிடுகிறாள். வந்ததும் அவள் அவனிடம் கேட்பதே உன் பெயர் ஷைலாக்கா என்பதைத்தான். திருப்பத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. யூதன், யூதன், யூதன். உங்கள் போர்ஷியாவுக்கு இதைச் சொல்லுங்கள். கருணையைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசியவள் அவள்தான்.

முன்வரிசை

டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு நாடகத்தை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி வாசித்தேன். என் தயக்கம் முழுக்கப் போகவில்லை. ஆனால் ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. ஷைலாக் வெளியே போகிறான். அடுத்த வரி என்ன தெரியுமா? டியூக் போர்ஷியாவைப் பார்த்து, ஐயா, என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று அழைக்கிறார். ஒரு மனிதனின் மகள், சொத்து, மதம் எல்லாம் போய், அவன் கதவைத் தாண்டிய அதே மூச்சில் விருந்துக்கு அழைப்பு. ஒத்திகைக்காரன், நீங்கள் கேட்ட உச்சம் அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கிறது. லாரன்ஸ் ஒலிவியே 1970இல் லண்டனில் ஷைலாக்காக நடித்தபோது வெளியே போன பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஓலம் போட்டார். அது அந்த இடைவெளிக்காகத்தான். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஒத்திகைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இழையை முழுவதும் குழுவில் படித்துக் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம்.

"சம்மதம்" மூன்று இடத்திலும் ஒரே சொல்லாக மாறிவிட்டது. மோதிரப் பகுதி இருக்கும். ரப்பர் அடி போட்ட செருப்பில் கத்தி சத்தமே போடவில்லை, ஒருவர் வீட்டிலிருந்து தோல் செருப்பு கொண்டு வந்தார். அதில் தீட்டும்போது வரும் சர்ரென்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்கிறது. வைத்தியர் வரியின்போது அந்தச் சத்தத்தை நிறுத்திவிடுகிறோம்.

எங்கள் ஷைலாக் மளிகைக் கடை வைத்திருப்பவர். பழைய இரண்டு தட்டுத் தராசு ஒன்றை அவரே எடுத்து வந்திருந்தார். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உன் உயிர் போகும் என்று போர்ஷியா சொன்னபோது, நான் சொல்லிக் கொடுக்காமலே அவர் கண் தராசு முள்ளுக்குப் போனது. முப்பது வருஷப் பழக்கம். அந்த நிமிஷத்தில்தான் முடியாது என்று அவருக்குப் புரிந்தது, எங்களுக்கும் புரிந்தது. அதுவரை வேகமாக ஓடிக்கொண்டிருந்த மற்றவர்கள் தானாகவே மெதுவானார்கள். மூன்று மடங்கு, அசல், வெறும் அசல், ஒவ்வொன்றுக்கும் இடையில் அவர் கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் சுற்றினார்.

ஓலம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவர் அங்கி மேசையில் உரசியது, வெறும் தட்டு ஆட ஆரம்பித்தது. டியூக்காக நடிப்பவர் வாயைத் திறந்தார், தட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்துதான் போர்ஷியாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். மேடையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறோம்.